ஜெர்மனியில் தொழில்நுட்பக் கல்வி: மும்பைத் தமிழ் மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

மும்பை: ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் முதலிடம் பெற்றுள்ளனர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்களின் எண்ணிக்கை சுமார் 49,500 ஆக இருந்தது. அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதே இதற்கு முக்கியக் காரணம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிக்கும் நடுத்தர, குறைந்த வருமானத் தமிழ்க் குடும்பங்களையும் இந்தச் சலுகை ஈர்க்கக்கூடும். எனினும், தகுதியுள்ள மாணவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மதிப்பெண் அல்ல. ஆவணங்களும் முன்பணமுமே ஆகும்.

கட்டணம் உண்டா, இல்லையா?

எல்லா இடங்களிலும் கட்டணம் இல்லை என்று கூற இயலாது. ஆகன், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்குப் பருவக் கட்டணம் மட்டுமே செலுத்த வேண்டும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ பெற்று வருகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டினருக்கு, பாடப்பிரிவைப் பொறுத்துப் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்துள்ளது. பழைய தகவல்களை நம்பி மியூனிக்கைத் தேர்வு செய்வோர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இளநிலைப் படிப்பில் நேரடியாகச் சேருவது எளிதல்ல. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தொழில்நுட்பப் பாடங்களில் நேரடி அனுமதி உண்டு. மற்றவர்கள் இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாகப் பயின்றிருக்க வேண்டும். அல்லது ஜெர்மனியில் ஆயத்தக் கல்லூரியில் பயில வேண்டும். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடத்தப்படுகின்றன. ஆங்கில வழிப் படிப்புகள் முதுநிலையிலேயே அதிகம் என்பதால், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பொறியியல் பட்டம் முடித்துவிட்டு முதுநிலைக்குச் செல்வதே நடைமுறைக்கு உகந்த வழி.

பெயரில் தொடங்கும் சிக்கல்

இந்திய மாணவர்கள் கல்விசார் விசா பெறுவதற்கு, புது தில்லியில் உள்ள ஏபிஎஸ் அமைப்பின் சான்றிதழ் 2022 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பள்ளி, கல்லூரிச் சான்றுகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் இந்நடைமுறைக்கான கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே இச்சான்றிதழைக் கோருகின்றன.

மும்பைத் தமிழர்களுக்கு இங்கு ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. மகாராஷ்டிர வாரிய மதிப்பெண் பட்டியலில் குடும்பப்பெயர் முதலிலும், மாணவரின் பெயர் அடுத்தும், தந்தையின் பெயர் அதன் பின்னரும் அச்சிடப்படுகின்றன. தமிழ்க் குடும்பங்களிலோ குடும்பப்பெயர் என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. எனவே ஒரே மாணவரின் பெயர் பள்ளிச் சான்றில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறுவிதமாகவும், பாஸ்போர்ட்டில் மற்றொரு வரிசையிலும் இடம்பெற வாய்ப்புள்ளது. பெயர்த் திருத்தம், உறுதிமொழிப் பத்திரம், தேவையெனில் அரசிதழ் அறிவிப்பு ஆகியவற்றைக் கல்லூரியின் இறுதியாண்டுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

மதிப்பெண் மாற்றம்

ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4 என்பது தேர்ச்சி எல்லை. இந்திய மதிப்பெண்ணை மாற்றும்போது அதிகபட்ச மதிப்பெண்ணும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. 10-க்கு 8 புள்ளி பெற்ற ஒருவரின் கல்லூரியில் தேர்ச்சி எல்லை 4 எனில், அவரது ஜெர்மன் மதிப்பெண் 2.0, எல்லை 5 எனில் 2.2. சேர்க்கையை முடிவு செய்யப் போதுமான வேறுபாடு இது. ஆகவே தேர்ச்சி எல்லையைக் குறிப்பிடும் கடிதத்தைக் கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் இதனைத் தாமே வழங்கும். மும்பைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பயின்றோர் கலீனா வளாகத்தை அணுக நேரிடலாம்.

பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் அமைப்பு பரிசீலிக்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ செலுத்த வேண்டும். அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு ஜூலை 15 பொதுவான கடைசி நாளாகக் கூறப்பட்டாலும், வெளிநாட்டினருக்கான முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் மார்ச் முதல் மே மாதத்துக்குள்ளேயே விண்ணப்பம் முடிவடைகிறது.

முன்பணம்

விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முடக்கப்பட்ட கணக்கில் செலுத்திக் காட்டுவது வழக்கமான நடைமுறை. 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் எனக் கொண்டால் சுமார் 12 லட்சம் ரூபாய். இது கட்டணம் அல்ல. ஜெர்மனி சென்ற பின் மாதம் 992 யூரோ வீதம் மாணவருக்கே திரும்பக் கிடைக்கும். ஆனால் புறப்படும் முன் முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள்கள் பகுதிநேரப் பணி செய்ய அனுமதி உண்டு என்றாலும், அந்த வருவாய் இத்தொகைக்கு ஈடாகாது.

கல்விக் கடன் பெறுவதிலும் தாராவிக் குடும்பங்களின் நிலை வேறுபட்டது. பொதுத்துறை வங்கிகளின் மாதிரிக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை தேவைப்படுகிறது. தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வீடாயினும், நிலத்தின் மீது உரிமைப் பத்திரம் இல்லாவிடில் அதனைப் பிணையாக வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஒரு முக்கிய வழி. முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்காக ஆண்டுக்கு 125 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். மகாராஷ்டிர அரசும் ராஜர்ஷி சாகு மகராஜ் பெயரில் தனி உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் சாதித் தகுதியைக் கொண்டு வேறொரு மாநில அரசின் சலுகையைக் கோர இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் பீர் சிங் வழக்கில் உறுதிசெய்துள்ளது. மகாராஷ்டிரத்தில் இச்சான்றிதழ் பெற, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே அங்கு வசித்ததற்கான ஆதாரம் கேட்கப்படுகிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தாராவிக்கு வந்த குடும்பங்கள், பாட்டனாரின் பள்ளிச் சான்று, பணிப் பதிவேடு போன்றவற்றை இப்போதே தேடி எடுத்து வைப்பது பயன் தரும். அந்த ஆதாரம் கிடைக்காதவர்கள் பூர்வீக மாவட்டத்தில் பெற்ற சான்றிதழுடன் மத்திய அரசின் திட்டத்துக்கு முயலலாம்.