தபால்தலையில் மரைக்காயர் போர்ப்படகு

2000 டிசம்பர் 17இல் குஞ்ஞாலி மரைக்காயர் நினைவாக இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட 3 ரூபாய் தபால்தலையில் இடம்பெற்றது பெருங்கப்பலன்று. ‘பாரோ’ எனும் சிறு போர்ப்படகு. பாயும் துடுப்பும் கொண்டு, முப்பது நாற்பது வீரர்களைச் சுமந்து, போர்த்துக்கீசியரின் கனத்த கலங்களைத் தாக்கிவிட்டு, அவை நுழையவியலாத ஆழமற்ற நீரில் அது மறைந்துவிடும். எளிய படகென்று இகழ வேண்டா. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடல்வலிமை நெடுங்காலம் அதனைக் கொண்டே நின்றது. மேற்குக் கரையில் அப்போராட்டம், 1600இல் நான்காம் குஞ்ஞாலி கோவாவில் கொல்லப்படும் வரை நீடித்தது.

கீழைக்கரையிலோ அதற்கு வெகுமுன்பே முடிந்தது. இலங்கையில் கோட்டை மன்னன் புவனேகபாகுவுக்குப் பறங்கியர் துணைநின்றனர். அவன் தம்பி மாயாதுன்னை சாமூதிரியின் உதவியை நாடினான். மரைக்காயர்களின் கடற்படை புறப்பட்டது. 1538 பிப்ரவரியில், மண்டபத்தை அடுத்த நம் வேதாளையில் அது தங்கியிருந்தபோது, மார்ட்டிம் அபோன்சோ டி சூசா தாக்கி முறியடித்தான். ஆழமற்ற நீரையே அரணாகக் கொண்டவர்களுக்கு அன்று அது கைகொடுக்கவில்லை. அத்தோல்வியோடு முத்துக்குளிப்புக் கரையில் பறங்கியர் கை ஓங்கிற்று.