குழுச் செயற்றிட்டம்: ஐந்து பேரின் உழைப்புக்கு எப்படிப் புள்ளியிடுவது?

பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தோற்றும் பரீட்சைகளில் பெரும்பாலானவை தனியாளுக்குரியவை. விடைத்தாளில் ஒரு சுட்டெண் இருக்கும், அதற்கு ஒரு புள்ளி கிடைக்கும். குழுச் செயற்றிட்டம் அப்படியானதல்ல. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்குவார்கள், அல்லது ஒரு பாலத்தை வடிவமைப்பார்கள், அல்லது ஒரு சந்தை ஆய்வைச் செய்து முடிப்பார்கள். ஒப்படைக்கப்படும் வேலை ஒன்றுதான். ஆனால் பெறுபேற்றுப் பத்திரத்தில் ஐந்து பேருக்கும் தனித்தனித் தரம் பதியப்பட வேண்டும். ஒன்றை ஐந்தாக எப்படிப் பிரிப்பது என்பதுதான் இந்தப் பாடத்தின் மதிப்பீட்டிலுள்ள சிக்கல்.

ஏன் குழுவாகச் செய்யவேண்டும்?

தொழிலிடத்தில் எவரும் தனியாக வேலை செய்வதில்லை என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் தர அங்கீகாரம். பொறியியற் பட்டங்களைச் சர்வதேச ரீதியில் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கை 1989 இல் உருவானது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் அதன் முழு உறுப்பினரானது. அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில், தனியாளாகவும் குழு உறுப்பினராகவும் இயங்கும் திறனும் ஒன்று. எனவே அதைக் கற்பித்தால் மட்டும் போதாது. மதிப்பிட்டும் காட்டவேண்டும்.

0.05 இன் பெறுமதி

இலங்கையில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்கள் தேவை. ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கிறது. செயற்றிட்டத்துக்கு 6 கிரெடிட்கள் என்று வைத்துக்கொண்டால், அது 300 மணிநேர வேலை. அதில் ஏ தரத்துக்குப் (4.0) பதிலாக பி தரம் (3.0) கிடைத்தால் மொத்தத் தரப்புள்ளிச் சராசரியில் 0.05 குறையும்.

இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பல பீடங்களில் முதல் வகுப்பின் எல்லை 3.70. 3.72 எடுக்கவேண்டியவர் 3.67 இல் நின்றுவிட்டால் வகுப்பு மாறிவிடும். விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாட்டு மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் தேடும்போதும் அந்த வேறுபாடு கூடவே வரும்.

புள்ளி எங்கெங்கே போகிறது?

பீடத்துக்குப் பீடம் விகிதம் மாறினாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் முன்மொழிவு, பின்னர் இடைக்கால மீளாய்வு, இறுதியில் செய்துகாட்டலும் அறிக்கையும் வாய்மொழிப் பரீட்சையும். இவற்றில் முன்மொழிவு, அறிக்கை, செய்துகாட்டல் ஆகியவை குழுவுக்குரிய புள்ளிகள். வாய்மொழிப் பரீட்சையும் மேற்பார்வையாளரின் மதிப்பீடும் தனியாளுக்குரியவை. குழுப் பங்குக்கும் தனியாள் பங்குக்கும் இடையிலான விகிதம் என்ன என்பதே மாணவர் முதலில் பார்க்கவேண்டிய விடயம்.

பெயர் மட்டும் போட்டவர்

எல்லோருக்கும் ஒரே புள்ளி கொடுப்பது மிக இலகுவான வழி. குழுவாக வென்றால் எல்லோருக்கும் வெற்றி என்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஆனால் அட்டையில் பெயர் மட்டும் போட்டவரும் இரவிரவாகக் கண்விழித்தவரும் ஒரே தரத்தைப் பெறுவார்கள்.

இது நம் மாணவரின் குணக்குறை மட்டுமல்ல. பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கல்மன் கயிறிழுக்கும் பரிசோதனைகளின் முடிவை 1913 இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் சராசரி விசை குறைந்தது. ஒருங்கிணைந்து இழுக்க முடியாமையும் இதற்கு ஒரு காரணம். 1979 இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லற்றானேயும் சக ஆய்வாளர்களும் கைதட்டலையும் சத்தமிடலையும் வைத்துப் பரிசோதித்தபோது, ஒருங்கிணைப்புக் குறைபாட்டைக் கழித்த பின்னரும் முயற்சி குறைவதைக் கண்டார்கள். தனியாளின் பங்கு அடையாளம் காணப்படும்போது இந்தத் தளர்வு குறைகிறது என்பது அதன்பின் வந்த ஆய்வுகள் காட்டிய விடயம். மதிப்பீட்டு முறையை வகுப்பவருக்கு இதுவே முக்கியமான பாடம்.

பங்கை அளக்கும் மூன்று வழிகள்

*சக மாணவர் மதிப்பீடு:* குழுவிலுள்ள ஒவ்வொருவரும் மற்றவர்களின் பங்கை இரகசியமாக மதிப்பிடுவார்கள். பிரித்தானியாவின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ, அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தின் கேற்மி போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. சாதாரண விரிதாளிலும் இதைச் செய்யலாம்.

கணக்கு இப்படி வரும். குழுப் புள்ளி 70. சக மதிப்பீட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு காரணி கிடைக்கும். ஐந்து காரணிகளின் சராசரி 1. இருவருக்கு 1.2, இருவருக்கு 1.0, ஒருவருக்கு 0.6 என்று வந்தால், நேரடியாகப் பெருக்கும்போது 84, 70, 42 என்று புள்ளிகள் அமையும். குழுப் புள்ளியின் பாதியை மட்டும் காரணியால் பெருக்கினால் அவை 77, 70, 56 ஆகும். எந்தப் பங்கைப் பெருக்குவது என்ற ஒரு தீர்மானத்திலேயே கடைசி மாணவரின் புள்ளி 14 ஆல் மாறிவிடுகிறது.

*வேலைப் பதிவுகள்:* மென்பொருள் செயற்றிட்டங்களில் கிற் போன்ற கருவிகள் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் பதிவு செய்கின்றன. ஆனால் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ஒரு வேலையை இருபதாகத் துண்டாடிப் பதிவேற்றுவது கடினமல்ல. இரண்டு நாள் யோசித்து மூன்று வரியில் பிழையைத் திருத்தியவர் எண்ணிக்கையில் சிறியவராகத் தெரிவார்.

*வாய்மொழிப் பரீட்சை:* நீங்கள் செய்த பகுதி எது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளே பல விடயங்களை வெளிக்கொண்டு வரும். எழுதிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் இதன் அவசியம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் இதற்கு நேரமும் பரீட்சகர்களும் வேண்டும்.

எண்கள் காட்டாதவை

எந்த முறையும் சமூகத்துக்கு வெளியே இயங்குவதில்லை. சக மதிப்பீட்டில் பட்ச் ஒற்றுமையின் பெயரால் எல்லோருக்கும் முழுப்புள்ளி போடுவதும் நடக்கும், ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு எல்லோரும் சேர்ந்து குறைத்துப் போடுவதும் நடக்கும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு காரணம் எழுதச் சொல்வது நல்லது. எல்லோருக்கும் ஒரே புள்ளி வந்தாலும் ஒருவருக்கு மட்டும் வழமைக்கு மாறாகக் குறைந்தாலும் மேற்பார்வையாளர் அதை விசாரிக்கவேண்டும்.

மொழியும் ஒரு காரணி. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் கலந்த குழுவில் அறிக்கையும் முன்வைப்பும் ஆங்கிலத்தில்தான் அமையும். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் முன்னால் நிற்பார், கருவியைக் கட்டியமைத்தவர் பின்னால் நிற்பார். பரீட்சகர் அறிவதற்காகக் கேட்பது செயற்றிட்ட அறிவைத்தான் என்றால், தயங்கும் மாணவருக்குத் தாய்மொழியில் விளக்க இடமளிப்பதால் தரம் குறைந்துவிடாது.

வேலைப் பிரிப்பையும் கவனிக்கவேண்டும். அறிக்கை எழுதுவதும் கூட்டங்களை ஒழுங்குபடுத்துவதும் மாணவிகளின் தலையில் விழுந்து, புள்ளித்திட்டம் தொழில்நுட்பப் பகுதிக்கு மட்டும் பெறுமதி கொடுத்தால், உழைத்தவர்களே குறைந்த புள்ளி பெறுவார்கள்.

முதல் வாரத்தில் கேட்கவேண்டியவை

புள்ளித்திட்டம் எழுத்தில் தரப்படுமா? குழுப் பங்கு எவ்வளவு, தனியாள் பங்கு எவ்வளவு? சக மதிப்பீடு உண்டா, அது எத்தனை தடவை நடக்கும்? குழுவில் ஒருவர் இயங்காவிட்டால் யாரிடம், எந்தத் திகதிக்கு முன் அறிவிக்கவேண்டும்? இவற்றுக்கு முதல் வாரத்திலேயே பதில் தெரிந்திருக்கவேண்டும்.

மாணவர் பக்கத்திலும் கடமை உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதி, யார் எதைப் பொறுப்பெடுத்தார் என்பதை எல்லோருக்கும் அனுப்பிவைத்தால், பிறகு வரும் தகராறுகளில் பாதி தீர்ந்துவிடும்.

மிக முக்கியமானது இடைக்கால மீளாய்வு. ஒருவர் ஒதுங்கியிருக்கிறார் அல்லது ஒதுக்கப்பட்டிருக்கிறார் என்பது அப்போது தெரியவந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். பெறுபேறு வந்தபின் தெரியவந்தால் செய்வதற்கு அதிகமில்லை. குழு அதற்குள் கலைந்துபோயிருக்கும், மீளத் தோற்றுபவருக்கோ பல பீடங்களில் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. புள்ளியைப் பிரிக்கும் முறை எவ்வளவு நுணுக்கமானது என்பதைவிட, அது எவ்வளவு முன்கூட்டியே மாணவருக்குத் தெரிந்திருந்தது என்பதே இந்தப் பாடத்தில் நீதியைத் தீர்மானிக்கிறது.