'ரோஜர்' என்றால் 'சரி' என்று பொருளல்ல

விமான விபத்து என்றதும் இயந்திரக் கோளாறு, புயல், மின்னல் என்றுதான் பலருக்கும் எண்ணம் ஓடும். ஆனால், உலக விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்து, எந்தக் கோளாறும் இல்லாத இரண்டு விமானங்களுக்கு இடையே தரையிலேயே நடந்தது. ஒரே சொல்லை விமானி ஒரு விதமாகவும் கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு விதமாகவும் புரிந்துகொண்டதே அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கேனரி தீவுகள். கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்கவிருந்த விமானங்கள் பக்கத்துத் தெனரீஃப் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றில் கே.எல்.எம்., பேன் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்களும் இருந்தன. மாலையில் மூடுபனி இறங்கியது. கோபுரத்துக்கு ஓடுபாதை தெரியவில்லை. தரையைக் காட்டும் ரேடாரும் அங்கு இல்லை.

விமானம் புறப்பட இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, மேலே எழும்பியபின் எந்த வழியில் போவது என்பதற்கான அனுமதி. மற்றொன்று, ஓடுபாதையில் ஓடிப் புறப்படுவதற்கான அனுமதி. கே.எல்.எம். விமானத்துக்குக் கோபுரம் கொடுத்தது முதல் அனுமதியை மட்டுமே. அந்த வாசகத்திலும் 'டேக் ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, "டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் முடித்தார். விமானம் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. கோபுரமோ, புறப்படக் காத்து நிற்கிறார்கள் என்று எண்ணியது.

"ஓகே" என்ற கோபுரம், "பொறுங்கள், நான் அழைக்கிறேன்" என்று தொடர்ந்தது. அதே கணத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேன் ஆம் விமானியும் பேசினார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள் மோதி, வெறும் கீச்சொலியாயின. கே.எல்.எம். விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டுமே. பேன் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். பொறியாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. இறந்தவர்கள் 583 பேர்.

அதன் பிறகு ஒரு விதி இறுகியது. புறப்பட அனுமதி தரும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' என்று சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும்.

எங்கோ தொலைதூரத் தீவில் நடந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1989 பிப்ரவரி 19 அன்று, சிங்கப்பூரிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் வந்துகொண்டிருந்தது. இது புறப்பாடு அல்ல, தரையிறக்கம். ஆனால், நோய் ஒன்றுதான். 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டு அதிகாரி, "டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். 'டூ' என்பது ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணையும் குறிக்கும். 'அந்த உயரத்துக்கு' என்பதில் உள்ள 'க்கு' என்பதையும் குறிக்கும். விமானி 400 அடி என்று எடுத்துக்கொண்டு, "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொன்னார். அந்தப் பதிலில் இருந்த பிழையை எவரும் திருத்தவில்லை. விமானத்தின் எச்சரிக்கைக் கருவி அலறியும் பயனில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி, விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டனர்.

'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று ஆயிரமும் நூறும் சேர்த்துச் சொல்வதே முறை. அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமிருந்திருக்காது. கேட்டவர் திருப்பிச் சொல்வது பாதி வேலைதான். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்ப்பது மறு பாதி. 'ரோஜர்' என்ற சொல்லுக்கு 'நீங்கள் சொன்னது வந்து சேர்ந்தது' என்று மட்டுமே பொருள். அனுமதி கிடைத்தது என்றோ, புரிந்தபடி செய்கிறேன் என்றோ அதற்குப் பொருளில்லை. அதனால்தான் ஓடுபாதை எண், உயரம், புறப்பாட்டு அனுமதி போன்றவற்றுக்கு வெறும் 'ரோஜர்' போதாது; கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களம் நினைவிருக்கும். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று சொல்வார்கள். கேட்டவர்கள் "சரிங்க" என்று நகர்வார்கள். புரியாவிட்டாலும் திரும்பக் கேட்கத் தயங்குவார்கள். மேலிடத்தைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதிய காலம் அது. அந்தத் தயக்கத்தைத் தோட்டத்தை விட்டு வந்த பல குடும்பங்கள் பட்டணத்துக்கும் சுமந்து வந்தன. தெனரீஃப் பொறியாளர் மேலும் வற்புறுத்தாமல் அடங்கிப்போனதற்கும் இந்தத் தயக்கத்துக்கும் தூரம் அதிகமில்லை.

அதே மலாக்காவில்தான் பத்து பெரெண்டாம் விமான நிலையமும் இருக்கிறது. இளம் விமானிகள் பலர் பயிற்சி பெற்ற இடம் அது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், வானொலியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு வரும் தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்த விமானி இருக்கை எட்டாததல்ல. அனைத்துலகப் பயணங்களில் பறப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மொழியைப் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆனால், "விளங்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேட்கும் துணிவு வீட்டிலேயே தொடங்க வேண்டும். பிள்ளை இரண்டாம் முறை கேட்கும்போது அதட்டாமல் பதில் சொல்லும் பெற்றோர், அந்தத் துணிவுக்கு முதல் பாடம் நடத்துகிறார்கள்.