குதிரைச் சேணத்திற் பிறந்த கவிதை

வட அமெரிக்காவின் மேற்குப் புலங்களிற் குதிரையேறி மாட்டு மந்தைகளை மேய்த்தவர் கௌபோய் எனப்பட்டனர். இப்பெயரைக் கேட்டதும் கைத்துப்பாக்கியைச் சுழற்றும் திரைப்பட வீரனே பலரது மனக்கண்முன் தோன்றுவான். உண்மைக் கௌபோயோ கூலிக்கு உழைத்த தொழிலாளி. அவனிடம் துப்பாக்கி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பாட்டு இருந்தது. அப்பாட்டை ஆக்கியோரின் பெயர் எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீண்டது என்பது இலக்கிய வரலாறு பயில்வோர் அறியத்தக்கதாகும்.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது ரெக்சாஸ் மாநிலத்தில் நீள்கொம்பு மாடுகள் பெருகிக் கிடந்தன; அவற்றை வாங்குவோரோ வடக்கிலும் கிழக்கிலும் இருந்தனர். 1867இல் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் என்னும் ஊரிற் புகையிரதப் பாதையை அடுத்து மாட்டுச் சந்தை எழுந்தது. அதுமுதல் பெருமந்தைகள் பல நூறு மைல் தூரம் ஓட்டிச் செல்லப்பட்டன. இரவில் மந்தை படுத்திருக்கையிற் காவலர் முறைவைத்து அதனைச் சுற்றி வருவர். ஓர் இடிமுழக்கம் மந்தையை வெருட்டப் போதுமானது. வெருண்டோடும் மாடுகளின் காலடியில் அகப்பட்டவன் பிழைப்பது அரிது. ஆதலின் காவலர் தாழ்ந்த குரலிற் பாடிக்கொண்டே சுற்றினர். பழகிய குரலைக் கேட்ட மாடுகள் அமைதியுற்றன. தேவாலயப் பாட்டாயினும் சரி, மதுக்கடைப் பாட்டாயினும் சரி, மாடுகள் பேதம் பாராட்டவில்லை.

இத்தொழிலைச் செய்தோர் வெள்ளையர் மட்டுமல்லர். கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் அவர்களிற் பலர். லாசோ, றோடியோ முதலாய தொழிற் சொற்களும் மெக்சிக்க மேய்ப்பரின் ஸ்பானிய மொழியிலிருந்தே வந்தன. 1874இன் பின் முள்ளுக்கம்பி வேலி பரவிற்று. 1886-87 மாரியின் கடுங்குளிரில் மாடுகள் திரள் திரளாக மடிந்தன. திறந்த வெளி மேய்ச்சற் காலம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஒடுங்கிற்று. பாட்டு ஒடுங்கவில்லை.

நியூ யோர்க்கிற் பிறந்து நியூ மெக்சிக்கோவில் மாட்டுத் தொழில் செய்த ஹவார்ட் தோர்ப் என்பவர் 1889இற் குதிரையேறிப் பாட்டுத் தேடப் புறப்பட்டார். கிடைத்தவற்றுள் 23 பாடல்களை 1908இற் சிறு நூலாக அச்சிட்டார். சின்ன ஜோ என்னும் சிறுவன் மந்தை வெருண்ட இரவில் மாண்ட கதையைத் தாமே 1898இற் பாடியிருந்தார். அதனையும் தம் பெயர் குறியாமலே அந்நூலிற் சேர்த்தார். விளைவு யாது? 1910இல் ஜோன் லோமாக்ஸ் வெளியிட்ட பெருந்தொகுதியில் அது ஆக்கியோன் பெயரற்ற நாட்டுப் பாடலாக இடம்பெற்றது. 1921இல் வந்த தம் விரிந்த பதிப்பிலேயே தோர்ப் அது தமதென உரைத்தார்.

பாட்ஜர் கிளார்க்கின் கதை இன்னும் சுவையானது. 1883இற் பிறந்த இவர் காசநோய் காரணமாக அரிசோனாவின் வறண்ட நிலத்துக்குச் சென்று, ஒரு மாட்டுப் பண்ணையில் வாழ்ந்தார். சிற்றன்னைக்குக் கவிதையாக எழுதிய மடலை அவ்வம்மையார் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பப் பத்து டொலர் கிடைத்தது. அன்றே அவர் கவிஞரானார். 1937இற் தென் டக்கோட்டா மாநிலத்தின் அரசவைக் கவிஞராகவும் நியமிக்கப்பட்டார். எனினும், ஒரு கௌபோயின் பிரார்த்தனையாக அவர் பாடிய கவிதை, ஆசிரியர் பெயர் அறியப்படாதது என்ற குறிப்புடன் அஞ்சலட்டைகளிற் பலகால் அச்சாயிற்று. அவரோ சினவாது அவ்வட்டைகளைச் சேர்த்து வைத்தார்! தன் பாட்டு ஊர்ப் பாட்டாகிவிட்டதைக் காணும் பேறு எல்லாக் கவிஞர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், உழைப்போர் கவிதைக்கு ஆக்கியோன் வேண்டுவதில்லை என்று கற்றோர் எளிதில் நம்பிவிடுவதும் நியாயமன்று.

1930களில் திரைப்படம் பாடும் கௌபோயைப் படைத்தது. ஜீன் ஓட்றி, றோய் றொஜர்ஸ் என்போர் பெரும்புகழ் எய்தினர். அவ்விசையை முற்றாக இகழ்தல் தகாது; பொப் நோலன் இயற்றிய பாடல்கள் பாலைவெளியின் தனிமையை நன்கறிந்தவை. ஆனால் அம்மினுக்கொளியிற் பண்ணையில் உழைத்தவன் கண்ணுக்குத் தெரியாமற் போனான்.

அவனைத் தேடிச் சென்றவர்கள் நாட்டார் வழக்காற்று அறிஞர்கள். ஹால் கனன் முதலியோர் மேற்கு மாநிலங்களிற் கவி சொல்வோரைக் கண்டறிந்து, 1985ஆம் ஆண்டு சனவரி இறுதியில் நெவாடா மாநிலத்து எல்கோ நகரில் ஒன்றுகூட்டினர். பண்ணை வேலை குறைந்த மாரிக்காலமாதலின் அந்நாள் தெரியப்பட்டது. தனிமையில் எழுதி வந்தவர்கள், தம்மைப் போன்றார் பலர் உளர் என்பதை அங்கே கண்டனர். கிளார்க்கின் கவிதைகள் அவர் பெயருடனேயே அரங்கேறின. ஆண்டுவிழாவாக வளர்ந்த இக்கூட்டத்துக்கு 2000இல் அமெரிக்க மேற்சபை தேசிய விழா என்னும் சிறப்பளித்தது.

எல்கோவிற் புகழ்பெற்றோருள் மொன்ரானாவின் பண்ணையாளர் வொலஸ் மக்றே ஒருவர். 1990இல் தேசிய மரபுரிமை விருது பெற்றவர். அவரது பெயர்போன கவிதையின் பொருள் மறுபிறப்பு என்பது இந்து மாணவர்க்கு வியப்பளிக்கலாம். இறந்த மேய்ப்பன் புதைகுழிமேற் பூவாய் மலர்ந்து, குதிரைக்கு இரையாகி, ஈற்றில் அதன் சாணமாகக் கிடக்க, அதனைக் கண்ட தோழன் நீ அதிகம் மாறிவிடவில்லை என்கிறான். வேதாந்தம் அன்று, சிரிப்புத்தான். ஆனால் அதே மக்றே, தம் அயலிலே நிலக்கரிக்காக மேய்ச்சல் நிலம் அகழப்பட்டதை எதிர்த்து நின்றார். விலை மதிக்கப்படாது அழிந்த பண்ணைகளையும் தம் பாட்டிலே பெயர் சொல்லிப் பாடினார்.