‘ரியூ’ என்னும் நீர்ச்சொல்

கத்தோரி ஷிந்தோ-ரியூ, ஷின்காகே-ரியூ, இத்தோ-ரியூ, ஹோஸோயின்-ரியூ. ஜப்பானின் பழைய வாள், ஈட்டி, மற்போர் மரபுகளின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ‘ரியூ’ என்பதைத் தமிழில் ‘பள்ளி’ என்றோ ‘பாணி’ என்றோ எழுதிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லை எழுதும் சீன எழுத்தின் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள் உள்ளன. பொருள், ஓடுதல். அதே எழுத்தை ஜப்பானியர் தம் சொந்தச் சொல்லால் படிக்கும்போது ‘நகாரே’ என்பார்கள், நீரோட்டம். ‘ரியூஹா’ என்று நீட்டிச் சொல்லும்போது பின்னால் வரும் ‘ஹா’வுக்கும் நீர்க்குறி உண்டு, ஆற்றிலிருந்து பிரியும் கிளையைக் குறித்த எழுத்து அது. ஒருவர் இன்ன மரபைச் சேர்ந்தவர் என்பதை ‘நகாரே ஓ குமு’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஓட்டத்தில் நீர் மொள்பவர் என்று பொருள். பள்ளி என்றால் நம் மனத்தில் ஒரு கட்டடம் எழுகிறது. ரியூவில் கட்டடம் இல்லை. மேலிருந்து வரும் நீரும், குனிந்து மொள்ளும் ஆளும் மட்டுமே.

வாளுக்கு வருமுன்பே இச்சொல் கோயில்களில் புழங்கியது. ஷிங்கோன் என்னும் மறைபௌத்தப் பிரிவில், குரு சீடனுக்குக் காட்டித்தரும் சடங்குமுறைகள் ஓனோ, ஹிரோசாவா என இரண்டு ரியூக்களாகப் பிரிந்து, பிறகு பன்னிரண்டாகக் கிளைத்தன. அங்கே ஒரு சீடனை மரபுக்குள் ஏற்றுக்கொள்ளும் சடங்கின் பெயர் ‘கான்ஜோ’. தலையில் நீர் ஊற்றுதல். வடமொழி ‘அபிஷேகம்’ சீனத்தில் அப்படி மொழிபெயர்ந்து, சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனது. முழுதும் கற்பித்து முடிப்பதையும், ஒரு கலத்து நீரை இன்னொரு கலத்தில் சிந்தாமல் ஊற்றுவதாகவே பௌத்தர்கள் சொன்னார்கள்.

ஷிங்கோனின் குருவரிசையில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: வஜ்ரபோதி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடல் கடந்து சீனம் போனவர். காஞ்சிப் பல்லவ அரசனோடு அவருக்கிருந்த தொடர்பைச் சீனத்து வரலாறுகள் பேசுகின்றன. அவரிடமிருந்து அமோகவஜ்ரர், அவரிடமிருந்து ஹுய்குவோ, அவரிடமிருந்து 805இல் சாங்கான் நகரில் கான்ஜோ பெற்ற ஜப்பானியத் துறவி கூகாய். ஜப்பானிய வாள்கலை நம்மிடமிருந்து போனது என்று யாரேனும் இதைக்கொண்டு பேசினால் அது பொய். போனது வாள் அல்ல. ஆளிடமிருந்து ஆளுக்கு நேரில் ஊற்றினால்தான் கல்வி என்ற முறை போயிற்று; அதை விரலின் முத்திரைகளும் மந்திரங்களும் சுமந்து சென்றன. கத்தோரி ஷிந்தோ-ரியூவில் வாள்வீச்சோடு சேர்த்து அந்த முத்திரைகளும் இன்றுவரை கற்பிக்கப்படுகின்றன.

இன்றும் உயிரோடு இருக்கும் படைக்கல ரியூக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. 15ஆம் நூற்றாண்டில் ஈஸாசா சோய்சாய் இயெனாவோ என்னும் வீரர் இப்போதைய சிபா மாநிலத்திலுள்ள கத்தோரி ஆலயத்தில் ஆயிரம் நாள் நோன்பிருந்து, அங்குள்ள தெய்வத்திடம் இக்கலையைப் பெற்றார் என்பது மரபு. தலைமை அந்தக் குடும்பத்திலேயே இருபது தலைமுறையாக வருகிறது. 1960இல் சிபா மாநிலம் இதை அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. சேர வருபவர் ‘கெப்பான்’ செய்ய வேண்டும்: உறுதிமொழித் தாளில் பெயர் எழுதி, விரலைக் கீறி, அந்த இரத்தத்தால் முத்திரை இடவேண்டும்.

ரியூவுக்குள் நடப்பது என்ன? கராத்தே வகுப்புகளால் நமக்குத் தெரிந்த ‘கட்டா’தான், ஆனால் இங்கே அது பெரும்பாலும் இருவர் எதிரெதிர் நின்று செய்வது. பல வாள் ரியூக்களில் ஒருவர் ‘உச்சிதாச்சி’, மற்றவர் ‘ஷிதாச்சி’. முதலில் தாக்கி, முடிவில் வெட்டுப்படும் இடத்தில் நிற்பவர் உச்சிதாச்சி. அந்த இடம் ஆசிரியருக்கோ மூத்தவருக்கோ உரியது. வெல்லும் இடம் மாணவனுக்கு. மாணவன் எவ்வளவு தாங்குவான் என்று பார்த்து, வேகத்தையும் தூரத்தையும் அன்றன்றைக்கு அளந்து கொடுப்பவர் அந்தத் தோற்கும் மூத்தவரே. ஆண்டுக்கணக்கில் மாணவனிடம் தோற்றுத் தோற்றுத்தான் ஆசிரியர் கலையைக் கைமாற்றுகிறார். உலகின் கற்பித்தல் முறைகளில் இதைவிடப் பெருந்தன்மையான ஒன்றை நான் அறியேன்.

கத்தோரியில் இன்னொன்றும் உண்டு. கட்டாவில் வாளோடு வாள் மோதும் இடங்கள் பல, உண்மையில் உடலின் ஒரு பகுதியை நோக்கியவை. வெளியாள் பார்த்துத் திருடிவிடாதபடி மேல்வடிவம் அதை மூடியிருக்கிறது. எது எதற்கு என்று ஆசிரியர் வாய்திறந்து சொன்னால்தான் விளங்கும். இப்படி வாய்மொழியாகத் தருவதற்குப் பெயர் ‘குதென்’.

அப்படியானால் கற்றவருக்குச் சுருளாகக் கொடுக்கும் பட்டயங்களில் என்னதான் இருக்கிறது? அவற்றுக்கு ‘மொக்குரோக்கு’ என்று பெயர். வெறும் பட்டியல் என்பதே பொருள். நூலகப் பட்டியலுக்கும் திருமணச் சீர்வரிசைப் பட்டியலுக்கும் ஜப்பானியர் வழங்கும் அதே சொல். ஷின்காகே-ரியூவின் முதல் கட்டா வரிசையில் இரண்டு பெயர்கள்: ‘ஒரே வாள், இரண்டு துண்டு’, ‘ஆணியை வெட்டு, இரும்பை அறு’. ஸென் நூல்களில் வழங்கிய தொடர்கள் இவை. கற்றவனுக்கு இந்தப் பெயர் போதும். கல்லாதவனுக்கு இது ஒரு புதிர்த்தொடர் மட்டும்.

பட்டியல் மட்டும் கடல் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு ஒரு சான்று வைத்திருக்கிறது. ஐசு இகோ தோற்றுவித்த காகே-ரியூவின் மொக்குரோக்கு ஒன்று, சீனக் கரையோரம் ஜப்பானியக் கடற்கொள்ளையரோடு நடந்த போரில் 1561இல் மிங் படைத்தலைவர் சீ ஜிகுவாங்கின் கையில் சிக்கியது. 1621இல் மாவோ யுவான்யீ தொகுத்த ‘ஊபெய் ஜி’ என்னும் பெரும் படைநூலிலும் அது படங்களோடு அச்சேறியது. வாளேந்திய குரங்குகளின் படங்கள். தாள் வந்தது, ஆசிரியர் வரவில்லை. சீ ஜிகுவாங் பேரறிவாளர். அதை வைத்துத் தம் வீரர்களுக்கு ஒரு நீள்வாள் முறையை அமைத்தார். அது அவருடைய முறை. காகே-ரியூவோ ஜப்பானில் காமிஇசுமி நொபுத்சுனாவிடம் போய், ஷின்காகே-ரியூவாகி, 1565இல் அவர் சான்றளித்த யாக்யூ முனெயோஷியின் குடும்பத்தில் தொடர்ந்தது.

‘ஓட்டம்’ என்ற பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பது ரியூக்கள் பெருகிய விதத்தில் தெரிகிறது. தேநீர்க்கலையில் உரிமம் வழங்கும் அதிகாரம் தலைமைக் குடும்பத்திடமே தங்கிவிட்டது. எத்தனை தலைமுறை கற்பித்தாலும் சான்று அங்கிருந்துதான் வரவேண்டும். படைக்கலைகளில் ‘மென்க்யோ கைதென்’ என்னும் முழு உரிமம் பெற்றவர், பெரும்பாலும் தாமே பிறருக்கு உரிமம் தரலாம். தம் கண்டுபிடிப்பைச் சேர்த்து ஒரு புதுப் பெயரும் வைக்கலாம். அதனால், படைத்தலைவர்களான ஷோகுன்கள் ஆண்ட எதோ காலத்தில் ரியூக்கள் நூற்றுக்கணக்கில் கிளைத்தன. சிபா ஷூசாக்கு என்னும் வாள்வீரர், இத்தோ-ரியூவின் எட்டு உரிமப் படிகளை மூன்றாகக் குறைத்து ஹொக்குஷின் இத்தோ-ரியூவைத் தொடங்கினார். எதோ நகரில் (இன்றைய தோக்கியோ) மாணவர்கள் குவிந்தார்கள். மரபு என்றால் மாறாதது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாற்றியவர், மாற்றும் தகுதியை முதலில் பெற்றார்.

பிறகு வந்தது பேரரசர் மெய்ஜியின் காலம். 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தன. அவை சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆசிரியர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1876இல் வாள் தரிக்கவே தடை. இடையில் 1873இல், ஷோகுனின் வாளாசிரியர்களில் ஒருவராக இருந்த சாகாகிபாரா கென்கிச்சி, தோக்கியோவில் கட்டணம் வாங்கிக்கொண்டு வாட்போட்டிக் காட்சி நடத்தினார். தரம் தாழ்ந்த செயல் என்று அன்று பழித்தவர்கள் உண்டு. பல ஆசிரியர்களின் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதையே வருகிறது. 1882இல் கானோ ஜிகோரோ, தாம் கற்ற தென்ஜின் ஷின்யோ-ரியூ, கித்தோ-ரியூ இரண்டிலிருந்தும் ஜூடோவை உருவாக்கினார். பழைய உரிமச் சுருள்களுக்குப் பதிலாக, கோ என்னும் பலகை ஆட்டத்தில் ஏற்கெனவே வழங்கிய ‘தான்’ படிகள் புழக்கத்துக்கு வந்தன. இன்று ஊர்தோறும் உள்ள கறுப்புப் பட்டையின் பிறப்பு அங்கேதான்.

புதியது வந்த பிறகே பழையதற்கு அடைமொழி தேவைப்பட்டது. மெய்ஜிக்கு முந்தைய மரபுகளை இன்று ‘கோ-ரியூ’ என்கிறார்கள், பழைய ஓட்டம். ஓட்டம் அறுந்து போனதைச் சொல்ல ‘ஷித்சுதென்’ என்றொரு சொல் இருக்கிறது, கையளிப்பு இழந்தது. அகராதிகளில் பெயர் மட்டும் மிஞ்சிய ரியூக்கள் ஏராளம்.

அறாமல் வந்தவை குருதி வழியே மட்டும் வரவில்லை. நாராவில் ஹோஸோயின் மடத்துத் துறவி இன்னேய் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஈட்டிக்கலை, எதோவுக்குப் போய், பிறகு தோக்கியோ மாணவர்களிடம் தங்கி, ஜப்பானின் முன்னாள் தலைமை நீதிபதி இஷிதா கசுத்தோவை வந்தடைந்தது. அவர் வழியே 1970களில் பிறந்த ஊரான நாராவுக்கே திரும்பியது. வாளாசிரியர்களான ஓனோ குடும்பத்தின் இத்தோ-ரியூ வடக்கே த்சுகாரு சிற்றரசுக்குச் சென்று, கடைசியில் சாசாமோரி ஜுன்சோ என்னும் கிறிஸ்தவக் கல்வியாளரிடம் வந்தது. அவருக்குப்பின் தலைமை ஏற்ற மகன் ஒரு போதகர். தெய்வமும் குலமும் வேறு. மொண்ட நீர் ஒன்று.

அறுந்துபோன ரியூவைச் சுருள்களையும் காணொளிகளையும் வைத்து ‘மீட்டுவிட்டோம்’ என்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் உழைப்பைக் குறைசொல்ல மாட்டேன். சீ ஜிகுவாங் செய்ததும் அதுவே. ஆனால் அவர் அதைக் காகே-ரியூ என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆசானின்றித் தானே அமைத்துக்கொண்டதற்கு ஜப்பானியில் பொருத்தமான சொல் ஏற்கெனவே உண்டு: ‘கா-ரியூ’, தன் சொந்த ஓட்டம். அந்தப் பெயரில் அதை நேர்மையாகச் செய்யலாம். பழைய ரியூவின் பெயரை அதற்குச் சூட்டக்கூடாது.

உண்மையான கோ-ரியூவைப் பார்க்க விரும்புபவர்கள் நவம்பர் 3ஆம் தேதி தோக்கியோ மெய்ஜி ஆலயத்தில் நடக்கும் பழங்கலைக் காட்சிக்குப் போகலாம். போகும்போது வெல்பவரைப் பார்க்காதீர்கள். எதிரே வெட்டுப்படும் இடத்தில் நிற்கும் மூத்தவரைப் பாருங்கள்.