25 கிலோமீட்டரும் 6 நிமிடமும்: நடையை அளந்த கதை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடல் விளிம்பில் விழிஞ்ஞம். மலை விளிம்பில் அகத்தியமலை. விழிஞ்ஞத்து மீனவ இளைஞர் கடலோரக் காவல்படையில் சேர விரும்பினாலும், அகத்தியமலையின் காணிப் பழங்குடி இளைஞர் வனப்பணியை விரும்பினாலும் முதலில் அளவுநாடாவின் முன் நிற்க வேண்டும். அந்த அளவுகள் யாருடைய உடலிலிருந்து பிறந்தவை?

இந்திய வனப்பணியின் விதிகளிலிருந்து தொடங்கலாம். ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 163 செ.மீ.; பெண்களுக்கு 150. பட்டியல் பழங்குடியினருக்கும், கூர்க்கா, நேபாளி, லடாக்கியர், கர்வாலி, குமாவோனி, நாகர் முதலிய 'இனங்களுக்கும்' இது முறையே 152.5, 145 எனத் தளர்த்தப்படுகிறது. இப்பணி மீண்டும் அமைக்கப்பட்டது 1966இல். ஆயினும் இப்பட்டியலைப் படிக்கையில் 19ஆம் நூற்றாண்டின் படைச்சேர்ப்பு மொழியே என் காதில் விழுகிறது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் 'போர்க்குடிகள்' என்ற கருத்தை வலுவாக முன்னிறுத்தியவர். அதற்குமுன் சென்னைப் படைக்குத் தலைமை வகித்தபோது தென்னாட்டுச் சிப்பாய்களைத் தாழ்வாக மதிப்பிட்டவரும் அவரே.

அதே விதிகளில் நடைத்தேர்வும் உண்டு. 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 14 கி.மீ. நடக்க வேண்டும். இதில் இனத் தளர்வு கிடையாது. உயரத்தில் 10.5 செ.மீ. விட்டுக்கொடுத்த அரசு நடையில் ஒரு மீட்டரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இது அநீதியா? மருத்துவத்தின் நடைவரலாறு இங்கே உதவும். 1968இல் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டத்தேர்வு, அமெரிக்க விமானப்படை ஆண்கள் 115 பேரிடம் நடத்தப்பட்டது. 1976இல் பிரிட்டனில் மெக்காவின் குழுவினர் அதை நுரையீரல் நோயாளிகளுக்கான நடையாக மாற்றினர். 1982இல் பட்லண்ட் குழுவினர் 6 நிமிடமே போதும் என்று காட்டினர். 1998இல் என்ரைட்டும் ஷெரிலும் அமெரிக்காவில் 40 முதல் 80 வயது வரையிலான நலமுள்ள 290 பேரை நடக்கவிட்டனர். 6 நிமிடத்தில் ஆண்களின் இடைநிலைத் தூரம் 576 மீட்டர், பெண்களுடையது 494. ஆண்களுக்கான அவர்களது சமன்பாட்டில் உயரம் ஒரு செ.மீ. கூடினால் தூரம் 7.57 மீட்டர் கூடும். வயதும் எடையும் ஒன்றாயிருக்க, 10.5 செ.மீ. குறைந்தவர் ஏறத்தாழ 79 மீட்டர் பின்தங்குவார்.

இக்கணக்கை அப்படியே ஏற்றால் காணி இளைஞருக்கு நடையிலும் சலுகை தர வேண்டியிருக்கும். ஆனால் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் 2014இல் இந்தியர்களுக்கென வெளியிட்ட சமன்பாட்டில் ஆண்களின் உயரத்துக்குரிய கெழு வெறும் 0.055, அதுவும் எதிர்க்குறியுடன். பெண்களுக்கோ அது 4.235. இச்சமன்பாடுகள் விளக்குவது நடைத்தூர வேறுபாட்டில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே என்பதையும் மறக்கலாகாது. ஒரு மக்கள் கூட்டத்தின் சமன்பாட்டை மற்றொன்றுக்குக் கடன் கொடுப்பதன் ஆபத்து இதில் தெரிகிறது.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது வேறொன்று. என்ரைட் தரவில் பெண்கள் ஆண்களைவிட 14 விழுக்காடு குறைவாக நடந்தனர். வனப்பணி விதியிலோ அந்த இடைவெளி 44 விழுக்காடு! தமிழ்நாட்டின் வனக்காப்பாளர் தேர்வில் பெண்களுக்கு 16 கி.மீ. என்பதால் 36 விழுக்காடு. 6 நிமிட நடையும் 4 மணி நேர நடையும் ஒன்றல்ல என்று ஒருவர் மறுக்கலாம்; மறுப்பு நியாயமானதே. ஆனால் 14, 16 என்ற எண்களுக்குள் இருப்பது அளவீடா, பெண்ணுடல் பற்றிய அனுமானமா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

காணிகளின் நடைக்குச் சான்று அறிவியல் வரலாற்றிலேயே உள்ளது. 1987இல் புஷ்பாங்கதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அகத்தியமலையில் களைத்து நின்றபோது, வழிகாட்டிய காணிகள் களைப்பின்றி நடந்தனர். அவர்கள் மென்ற காய்தான் ஆரோக்கியப்பச்சை. பின்னாளில் 'ஜீவனி' மருந்தானது. ஆய்வு அந்தச் செடியைத் தேடிச் சென்றது. பிறந்தது முதல் மலையேறிய கால்களுக்கு அந்த அளவு கவனம் கிட்டவில்லை.

கடலோரத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். கடலோரக் காவல்படையின் நாவிக் பணிக்கு உயரம் 157 செ.மீ.; மலைப்பகுதியினருக்கும் பழங்குடிப் பகுதியினருக்கும் தளர்வு உண்டு. உடற்தேர்வு என்பது 7 நிமிடத்தில் 1.6 கி.மீ. ஓட்டம், 20 உட்கார்ந்தெழுதல், 10 தண்டால். சிறுவயது முதல் அலையோடு வளர்ந்த விழிஞ்ஞத்து இளைஞரையும் தரையில் ஓடவிட்டே தேர்கிறார்கள்.