கண்ணாடிப் பேழையும் கடல் கடந்த செடிகளும்

கண்ணாடிக் கலத்தில் சிறு செடிகளை நட்டு மூடி வைத்து, மழைக்காட்டின் சிறு துண்டொன்றை மேசைமீது கண்டு மகிழும் வழக்கம் இன்று நகரங்களிற் பரவியுள்ளது. அழகுக்காக நாம் போற்றும் இக்கலம், ஒரு காலத்தில் நாடுகளின் செல்வத்தை இடம் பெயர்த்த கருவியாகவும் விளங்கிற்று.

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் மருத்துவராய் இருந்த நத்தானியேல் பாக்ஷா வார்டு, தம் இல்லத்தில் பெரணிகளை வளர்க்க முயன்றார். கரிப்புகை அவற்றை மாய்த்தது. 1829-ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணிலிட்டு மூடி வைத்த புட்டியொன்றில், பெரணியும் புல்லும் தாமே முளைத்திருக்கக் கண்டார். மண்ணின் ஈரம் பகலில் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து, துளியாகி மீண்டும் மண்ணையே அடைந்தது. நீரூற்றாமலே அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன.

அந்நாளில் கப்பலேறிய செடிகள் உப்புக் காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் பட்டுப்போயின. 1833-இல் வார்டு, பெரணி முதலியன அடங்கிய இரு பேழைகளைச் சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் நலமே சென்று சேர்ந்தன. முன்னர் இருபதில் பத்தொன்பதை இழந்த தாம், பேழையின் உதவியால் இருபதில் பத்தொன்பதைக் காப்பதாக லாடிஜஸ் என்னும் செடி வணிகர் உரைத்தார்.

ஆயினும் எல்லாச் செடிகளுக்கும் மூடிய பேழை ஏற்றதன்று. நிழலையும் ஈரத்தையும் விரும்பி மெல்ல வளரும் பெரணியும் பாசியும் அதனுள் தழைக்கும். வறள்நிலக் கள்ளியோ அழுகிவிடும். நேர்வெயில் பட்டால் உள்ளே வெப்பம் மிகுந்து செடிகள் மாளக்கூடும். 1860-இல் பெரு நாட்டிலிருந்து நம் நாட்டிற்குப் பேழைகளில் வந்த சின்கோனாக் கன்றுகள் பெரும்பாலும் மாண்டன. ஈக்குவடாரிலிருந்து வந்த விதைகளும் கன்றுகளும் 1861-இல் நீலகிரியில் வேரூன்றின.

இராபர்ட் பார்ச்சூன் என்பாரோ வேறு வழி கண்டார். எளிதில் முளைக்கும் திறன் இழக்கும் தேயிலை விதைகளைப் பேழை மண்ணிலேயே தூவினார். சீனத்திலிருந்து வரும் வழியிலேயே அவை முளைத்தன. 1851-இல் அக்கன்றுகள் இமயமலைச் சாரல் தோட்டங்களை அடைந்தன. 1876-இல் கியூ தோட்டத்திலிருந்து 38 பேழைகளில் ஏறத்தாழ 1,900 இரப்பர்க் கன்றுகள் இலங்கை சென்றன. மறு ஆண்டில் சில சிங்கப்பூருக்கும் சென்றன.

பேழை மண்ணோடு பூச்சிகளும் நோய்களும் கடல் கடந்தன. அதனாலேயே பின்னாளில் அரசுகள் மண்ணோடு செடிகளைக் கொணர்வதற்குக் கட்டுப்பாடு விதித்தன. செடிகளைத் தொடர்ந்து மனிதரும் பெயர்ந்தனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தோருள் தமிழர் பல்லாயிரவர். கன்றுகளைக் காக்கக் கண்ணாடி சமைத்த அக்காலம், அவற்றை வளர்க்கச் சென்றோரை அத்துணைப் பரிவோடு காக்கவில்லை. நம் மேசைமீதுள்ள பசுமையின் வரலாற்றில் அவர்தம் உழைப்பையும் சேர்த்து நினைப்பது நம் கடனாகும்.